சேனை வைத்தவள்

என் அண்ணன் மகளுக்குக் காப்பி என்றால் தாப்பி. கதவு, ததவு. கத்தரிக்காய், தத்தலித்தாய். அவள் வசிப்பது தெந்தாதியில். சாரல் விழுந்ததும் எல்லோரும் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போவது துத்தாலத்துக்கு. வயது மூன்றரை. 'க' இன்னும் வரவில்லை. 'ச' வரவேண்டிய இடத்திலும் பெரும்பாலும் 'த'தான். அடுத்த அறையிலிருந்து கேட்டால் யாரோ தபேலாவை மெதுவாகத் தட்டிக்கொண்டே இருப்பதுபோல் இருக்கும்.

எனக்கு இதில் பைத்தியம். சென்னையில் உளவியல் முடித்துவிட்டு, குழந்தைகளுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் படிப்புக்கு விண்ணப்பித்துவிட்டு, தென்காசியில் அண்ணன் வீட்டு மாடியில் காத்திருந்தேன். கைக்குக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். படித்ததைக் காதால் கேட்க வீட்டிலேயே ஒருத்தி இருந்தாள். இதைவிட அதிர்ஷ்டம் உண்டா?

'க' சொல்லிப் பாருங்கள். நாக்கின் பின்பகுதி எழும்பி மேலண்ணத்தில் முட்டும். எதிரே இருப்பவருக்கு அது தெரியவே தெரியாது. 'த' அப்படியில்லை. நுனிநாக்கு பல்லைத் தொடுவது பளிச்சென்று தெரியும், செய்வதும் சுலபம். அதனால் நிறையப் பிள்ளைகள் கொஞ்ச காலம் பின்னால் பிறக்கவேண்டிய ஒலியை முன்னால் இழுத்துவந்து வைத்துக்கொள்கிறார்கள். 'ர' கடினம் என்றால் 'ல', அல்லது 'ய'. நீளமான சொல் என்றால் ஒரு அசையை வழியில் விட்டுவிட்டு வருவார்கள். பார்ப்பதற்குத் தாறுமாறாக இருக்கும், ஆனால் தாறுமாறே கிடையாது. என் அண்ணன் மகள் ஒரு நாள்கூடத் தவறி 'பாப்பி' என்றோ 'மாப்பி' என்றோ சொன்னதில்லை. அவளுக்கு ஒரு சட்டம் இருந்தது, அதைப் போலீஸ்காரர்போல் கடைப்பிடித்தாள்.

ஒரு நாள் அந்தப் பின்நாக்கு எழும்பும். முதல் 'க' வரும். அப்போது நான் பக்கத்தில் இருக்கவேண்டும். அந்த மாதங்களில் எனக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான்.

ஆனால் வீட்டில் இன்னொருத்தியும் இருந்தாள்.

அண்ணன் மனைவி எனக்கு மதினி. அவளுடைய தங்கை, பிள்ளைக்குச் சித்தி. சொந்த ஊர் வடகரையிலிருந்து வந்து, அக்கா வீட்டில் தங்கி பி.எட். படித்துக்கொண்டிருந்தாள். முறைப்படி என்னை மதினி என்றுதான் கூப்பிட வேண்டும். வீட்டில் ஏற்கெனவே ஒரு மதினி இருப்பதால் அக்கா என்பாள். என்னைவிட ஒரு வயது சின்னவள், வாய் நிறையச் சிரிப்பு, மெதுவான நடை. பிள்ளை காலையில் கண் விழித்ததும் தேடுவது அவளைத்தான்.

"தித்தி" என்று கூப்பிட்டுக்கொண்டே படியிறங்கும். அண்ணன் சிரிப்பான். பால்காரர் சிரிப்பார். எதிர்வீட்டு அண்ணாச்சி, "என்ன பாப்பா, யாரு யாரு?" என்று திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பார். தித்தி, தித்தி. தெருவே அவளைத் தித்தி என்றுதான் கூப்பிட ஆரம்பித்தது. நான் அத்தை. அந்தச் சொல்லில் பிள்ளைக்கு வராத ஒலி ஒன்றுகூட இல்லை. முதல் தடவையிலிருந்தே 'அத்த' என்று சுத்தமாகச் சொன்னாள். அதை யாரும் திரும்பச் சொல்லச் சொல்லவில்லை. உடையாமல் வந்த சொல்லை யார் கவனிப்பார்கள்? பேச்சொலிகளைப் பற்றி இவ்வளவு படித்தவள், என் முறைப்பெயரில் ஒரு 'க' இல்லாமல் போயிற்றே என்று மொட்டைமாடியில் துணி காயப்போட்டபடி வயிறெரிந்தேன்.

எரிச்சலுக்கு வேர் இன்னும் பழையது. எங்கள் பக்கம் பிறந்த குழந்தைக்குச் சேனை வைப்பார்கள். விரலில் சீனித்தண்ணியோ தேனோ தொட்டுப் பிள்ளையின் நாக்கில் ஒரு சொட்டு. யார் வைக்கிறார்களோ அவர்கள் குணமும் பேச்சும் பிள்ளைக்கு வரும் என்று நம்பிக்கை. பெரியவன் ஆனபிறகு யாராவது வாயாடினால், "உனக்கு எவம்லே சேனை வச்சது?" என்றுதான் கேட்பார்கள். பச்சைப் பிள்ளைக்குத் தேன் கொடுக்கவே கூடாது என்று டாக்டர்கள் தலையிலடித்துச் சொல்கிறார்கள், அது சரியும்கூட. என்றாலும் மதினி கர்ப்பமாக இருந்தபோது என்னிடம் சொல்லியிருந்தாள்: "நீதான் வைக்கணும் கேட்டியா. உன்ன மாதிரி படபடன்னு பேசணும்." நம்பிக்கை இல்லாத எனக்கும் அது பெருமையாக இருந்தது. கடைசியில் டாக்டர் சொன்ன தேதிக்கு முன்னாலேயே பிள்ளை பிறந்துவிட்டது. நான் சென்னையில் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியில் மதினிக்குத் துணைக்கு இருந்த தங்கைதான், நர்ஸ் அந்தப் பக்கம் திரும்பிய நேரத்தில், ஒரு சொட்டு சீனித்தண்ணி வைத்தாள். சேனையில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் அது என்னுடையது என்று மட்டும் நம்பினேன்.

சித்தி பிள்ளையோடு பிள்ளைமாதிரியே பேசுவாள். "தாப்பி வேணுமா? தூடா இருக்கு, ஊதித் துடி." நான் அப்படிப் பேசமாட்டேன். பிள்ளை எப்படிச் சொன்னாலும், திருத்தாமல், பதிலில் மட்டும் சரியான சொல்லைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று படித்திருந்தேன். "காப்பியா? இந்தா காப்பி. காப்பி சூடா இருக்கு." மணிபோல் சொல்வேன். பிள்ளை காப்பியை வாங்கிக்கொண்டு சித்தி மடிக்குப் போய்விடும்.

ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் நானும் முயன்றேன். "தாப்பி வேணுமா?" என்றேன்.

பிள்ளை என்னை முறைத்தாள். "தாப்பி இல்ல அத்த. தாப்பி."

"அதான் சொல்லுதேன். தாப்பி."

"அய்ய. தாப்பி இல்ல. தா...ப்பி." கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இதைத்தான் படித்திருந்தேன். பிள்ளையின் காதுக்குச் சரியான ஒலி தெரியும், நாக்குத்தான் இன்னும் எட்டவில்லை. தான் சொல்வது 'காப்பி' என்றே அவள் நினைக்கிறாள். நான் 'தாப்பி' என்றால் கேலியாகப் படுகிறது. சந்தோஷத்தில் சமையலறைக்கு ஓடிப்போய் மதினியிடம் விளக்கிக்கொண்டிருக்கும்போதே கூடத்திலிருந்து கேட்டது. "எந்தத் தங்கத்துக்குத் தாப்பி?" என்கிறாள் சித்தி. பிள்ளை கெக்கலித்துச் சிரிக்கிறது. கோபமும் இல்லை, அழுகையும் இல்லை.

"அவகிட்ட மட்டும் சிரிக்காளே" என்றாள் மதினி.

"அது விளையாட்டுன்னு எடுத்துக்கிடுதா" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

ஜூன் மாதம் எல்.கே.ஜி.யில் சேர்த்தார்கள். ஒரு மத்தியானம் பள்ளிக்கூடத்திலிருந்து மதினி வேலை பார்க்கும் பேங்குக்கு போன். பிள்ளை பாவாடையை நனைத்துக்கொண்டு நிற்கிறதாம். 'தத்தூது, தத்தூது' என்று வெகுநேரம் சொல்லிப் பார்த்திருக்கிறாள். மிஸ்ஸுக்கு அது கக்கூஸ் என்று பிடிபடவில்லை. அன்றைக்கு மதினி சாப்பிடவே இல்லை. திருநெல்வேலிக்குக் கூட்டிப்போய்க் காதைச் சோதித்தார்கள். காது நன்றாகவே இருந்தது. நான்கு வயது தாண்டியும் இப்படியே இருந்தால் வாருங்கள், பயிற்சி கொடுக்கலாம் என்று அனுப்பிவிட்டார்கள். நானும் அதையேதான் சொன்னேன். மதினிக்குப் போதவில்லை. தாய்க்கு ஒரு காரணம் வேண்டும்.

காரணம் வடகரையிலிருந்து போனில் வந்தது. சித்தியும் சின்ன வயதில் ஒன்றாம் வகுப்பு வரைக்கும் 'க' சொல்லமாட்டாளாம். மதினியின் அம்மா ஏதோ பேச்சுவாக்கில் சொல்லிவிட்டாள். மதினி போனை வைத்துவிட்டுத் தங்கையைப் பார்த்தாள்.

"நீ வச்ச சேனைட்டி" என்றாள். "அதான் இப்படிப் பேசுதா."

சித்தி பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். கை நின்றது. பிறகு மறுபடி விளக்க ஆரம்பித்தாள்.

பேங்கில் வேலை பார்க்கிற, கணக்கில் ஒரு பைசா பிசகாத மதினி இப்படிச் சொல்வாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அதற்குமேல் ஒன்று சொன்னாள்: "ஞாயித்துக்கெழம குத்தாலத்துக்குப் போறோம். அங்கன குளிச்சிட்டு நீ மறுபடி சேனை வையி. அன்னைக்கே நீதான வச்சிருக்கணும்."

மறுசேனை என்று ஒரு வழக்கம் எங்கள் ஜில்லாவிலேயே கிடையாது. அதை மதினி அந்த நிமிஷத்தில் உண்டாக்கினாள். அண்ணன் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி, "பழைய சேனைய என்ன செய்வ? கழுவி விட்டுருவியோ?" என்றான். மதினி அவனைப் பார்த்த பார்வையில் மறுபடியும் பேப்பருக்குள் போய்விட்டான்.

நான் தலையை ஆட்டிவைத்தேன். உடனே மறுக்க வேண்டிய ஆள் நான்தான். அந்த வாரம் முழுக்க ஒரு கணக்கு எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நாளில் 'க' எப்படியும் வரப்போகிறது. நான் சேனை வைத்தால், வருகிற 'க' என்னுடையதாகிவிடும். வீட்டில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். பிள்ளை வளர்ந்தபிறகும் சொல்வார்கள். சித்தி வைத்தது வீண், அத்தை வைத்ததுதான் பலித்தது. இதை நினைக்க நினைக்கத் தேன் குடித்தமாதிரி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஐந்தருவியில் கூட்டம் தாங்கவில்லை. சாரல் முகத்தில் பொடிப்பொடியாக விழுந்துகொண்டிருந்தது. பெண்கள் பக்கம் வரிசையில் நின்று, தள்ளுமுள்ளில் நனைந்து, பற்கள் கிடுகிடுக்க வெளியே வந்தோம். சித்தி பிள்ளையின் தலையைத் துவட்டி, உலர்ந்த கவுனை மாட்டிவிட்டாள். கடைகளுக்கு எதிரே ஒரு மரத்தடியில் அண்ணன் இடம் பிடித்து, சுடச்சுட மிளகாய் பஜ்ஜி வாங்கி வைத்திருந்தான். மதினி கைப்பையிலிருந்து ஒரு சின்னத் தேன்பாட்டிலை எடுத்தாள்.

"கிழக்கப் பாத்து உக்காருட்டி" என்றாள் என்னிடம்.

"கெழக்கு எது?" என்றான் அண்ணன்.

"நீங்க சும்மா இருங்க."

பிள்ளை சித்தியின் மடியில் இருந்தது. மதினி, "அவளை அங்க குடு" என்றாள். சித்தி எழுந்து பிள்ளையை என் மடியில் உட்காரவைத்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பிள்ளையின் ஈரத்தலை என் தாடையில் இடித்தது. ஷாம்பு வாசனை. விரலை பாட்டிலுக்குள் விட்டுவிட்டேன். தேன் நுனியில் திரண்டு நின்றது.

அப்போதுதான் பக்கத்தில் அமளி. மரத்திலிருந்து ஒரு பெரிய குரங்கு இறங்கி, அடுத்து உட்கார்ந்திருந்த குடும்பத்தின் ரம்புட்டான் பழப் பையைத் தூக்கிக்கொண்டு கடைக்கூரைமேல் தாவிவிட்டது. பெரியவர்கள் சூ சூ என்று கைதட்ட, சுற்றிலும் இருந்த சிறுபிள்ளைகள் எல்லாம் ஒரே நேரத்தில் கத்தின.

"துலந்து, துலந்து" என்றாள் எங்கள் பிள்ளை, என் மடியில் குதித்துக்கொண்டே.

"கொலங்கு" என்றான் பை பறிகொடுத்த குடும்பத்துப் பையன்.

அந்தப் பக்கம் ஈரத்துண்டு கட்டியிருந்த ஒரு சின்னப் பெண், "குங்கு, குங்கு" என்று நடு எழுத்தை விழுங்கிவிட்டுக் காட்டினாள். புனலூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு மலையாளக் குடும்பம் பஜ்ஜிக்கடை ஓரம் நின்றிருந்தது. அவர்கள் பையன் அப்பாவின் தோளிலிருந்து, "அச்சா, துலன்னு" என்றான். அப்பா, "அதே மோனே, குரங்ஙன்" என்றார்.

என்னால் அதற்குமேல் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை. இது என் குறை. ஒன்று தெரிந்துவிட்டால் நான்கு பேருக்குச் சொல்லாமல் எனக்கு இருப்புக்கொள்ளாது.

"மதினி, கேட்டியளா? மலையாளத்துப் பிள்ளையும் 'து'ங்கான். நம்மளது மாதிரியே. அவனுக்கு யாரு சேனை வச்சது? ஒங்க தங்கச்சி புனலூருக்குப் போயி வச்சிட்டு வந்தாளா?"

மதினி அந்தப் பையனைத் திரும்பிப் பார்த்தாள். குரங்கு கூரைமேல் ரம்புட்டானை உரித்துக்கொண்டிருந்தது. பிள்ளைகள் இன்னும் கத்திக்கொண்டிருந்தார்கள், அவரவர் சட்டப்படி.

"அந்தப் பிள்ள 'ர'வ முழுங்குதா. இந்தா இவன் 'ர'வ 'ல'ங்கான், ஆனா இவனுக்கு 'க' வந்துட்டு. நம்ம பிள்ளைக்கு இன்னும் வரல. எல்லாத்துக்கும் நாக்கு தெளியுத வரிசைதான் மதினி, வேற ஒண்ணுமில்ல. காலு வலுத்தாத்தான ஓடும்? அதுமாதிரி. சித்தி கொஞ்சிப் பேசுததுனாலயும் இல்ல, சேனையாலயும் இல்ல."

"அப்பம் நாலு வயசுல வந்துருமா?"

"பெரும்பாலும் வந்துரும். வரலன்னா பயிற்சிக்குக் கூட்டிட்டுப் போவோம். அதுவும் பெரிய விஷயம் இல்ல."

"அப்பம் இது வேண்டாங்கியா?" என்றாள் மதினி, தேன்பாட்டிலைக் காட்டி.

என் விரலில் தேன் அப்படியே இருந்தது. பிள்ளை அதையே பார்த்துக்கொண்டிருந்தது, வாயைத் திறந்துகொண்டு. ஒரு சொட்டுதான். தீங்கு ஒன்றும் கிடையாது, இந்த வயதில் தேன் சாப்பிடலாம். ஆனால் வைத்துவிட்டால், நான் இத்தனை நேரம் பேசியதை நானே பொய்யாக்கியது போலாகும். அப்புறம் காலம் முழுக்க அந்த வீட்டில் பாத்திரம் விளக்குகிறவளின் கை அப்படி நடுவில் நிற்கும்.

"வேண்டாம்" என்றேன். விரலை நானே சப்பிக்கொண்டேன். பிள்ளை ஏமாந்து அழ ஆரம்பித்தது. "தேனு, தேனு" என்று தெளிவாகச் சொல்லிக்கொண்டே சித்தியிடம் தாவிவிட்டது.

திரும்பி வரும்போது காரின் பின்சீட்டில் பிள்ளை எங்கள் இருவருக்கும் நடுவில் உறங்கியது. அதன் தலை சித்தியின் பக்கம்தான் சாய்ந்திருந்தது.

"தேங்க்ஸ்க்கா" என்றாள் மெதுவாக.

"ஒனக்காகச் சொல்லல. உள்ளது அதான்."

"தெரியும். என்னைய ஒங்களுக்குப் பிடிக்காதுல்லா."

"பிடிக்காதுன்னு யாரு சொன்னா? பொறாமைதான்."

அவள் சத்தமில்லாமல் சிரித்தாள். முன்சீட்டில் மதினிக்குக் கேட்டுவிடப் போகிறதே என்று வாயைப் பொத்திக்கொண்டாள். "என்னத்துக்குக்கா? நான் பாட்டுக்கு இருக்கேன்."

அதுதான் பிரச்சினையே. அவள் பாட்டுக்கு இருந்தாள். நான் ஒலி ஒலியாகக் காத்துக்கொண்டிருந்தேன். அவள் ஒன்றுக்கும் காத்திருக்கவில்லை, ஆனாலும் எல்லாம் அவளிடம் போயிற்று. அதை எப்படிச் சொல்வது? ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அவள் படிப்பு முடிந்து வடகரைக்குத் திரும்பினாள். காலாண்டு லீவுக்குப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போனாள். வீட்டில் சத்தமே இல்லை. கூடத்தில் என் குரல் எனக்கே அதிகமாகக் கேட்டது. போன இரண்டாவது நாளோ மூன்றாவது நாளோ, மத்தியானம் அவளிடமிருந்து போன்.

"அக்கா, 'க' வந்துட்டு."

நான் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தேன். "எங்க? எப்ப? என்ன சொன்னா?"

"தோப்புல நிக்கும்போது. கிணறுன்னா. நல்லா, 'கி'ன்னே சொன்னா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுட்டு."

"போனை அவகிட்ட குடு."

மூச்சு மட்டும் கேட்டது. "கிணறு சொல்லு தங்கம், அத்தைக்குக் கிணறு சொல்லு" என்று கெஞ்சினேன். இப்படிக் கேட்கவே கூடாது, தெரியும்.

"திணலு" என்றது பிள்ளை. போனைக் கொடுத்துவிட்டு ஓடிவிட்டது.

"இப்பம் மறுபடி 'தி'ங்கா" என்றாள் சித்தி. "ஆனா சொன்னாக்கா. சத்தியமா. நான் மட்டுந்தான் நின்னேன்."

புதிதாக வரும் ஒலி அப்படித்தான், வரும், ஒளிந்துகொள்ளும், மறுபடி வரும். அதெல்லாம் எனக்குத் தெரியும். அவள் பொய் சொல்லவில்லை என்றும் தெரியும். செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். வடகரை பஸ் கிளம்பத் தயாராக நின்றது. ஜன்னலோரம் உட்கார்ந்தேன். வயலும் தென்னையும் பின்னால் போயின. நான்தான் கேட்கவேண்டும், நான்தான் கேட்டிருக்கவேண்டும் என்று வழி முழுக்க மனதுக்குள் ஒரே ரெக்கார்டு ஓடியது.

போய்ச் சேரும்போது பிள்ளை உறங்கிக்கொண்டிருந்தது.

"இப்பதான்க்கா கண் அசந்தா" என்றாள் சித்தி, கதவைத் திறந்தபடி. என்னைப் பார்த்ததில் ஆச்சரியமே இல்லை அவளுக்கு. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பிள்ளையின் பாயருகே உட்கார்ந்தேன். வாய் லேசாகத் திறந்திருந்தது, நாக்கு நுனி பல்லோரம் தெரிந்தது.

"எப்படிச் சொன்னா?" என்றேன். "அப்படியே சொல்லிக்காட்டு."

அவள் என் எதிரே உட்கார்ந்தாள். கையைத் தூக்கித் தோப்புப் பக்கம் நீட்டி, கண்ணைப் பெரிதாக்கி, பிள்ளையின் மெல்லிய குரலில், 'கி'யில் கொஞ்சம் தடுக்கி, பிறகு பிடித்து, சொன்னாள்: "தித்தி, கிணலு."

"இன்னொரு தடவை" என்றேன்.